இன்னும் மெதுவாக எண்ணியிருக்கலாம்

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால் அம்மாவும் தங்கைகளும் இந்தியாவிலேயே மாட்டிக்கொண்டார்கள். காஜா பேராங்கில் ஒரு அறையில், என்னோடு வேலை பார்த்த நண்பரோடு தங்கியிருந்தேன். நண்பர் என்றா சொன்னேன்? அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மரவள்ளிக்கிழங்கை அவர் அவிப்பார். நான் குறை சொல்லிக்கொண்டே தின்பேன். எனக்கிருந்த ஒரே துணை அவர்தான்.

தினமும் காலையில் வேலைக்கு முன்னால் எல்லோரும் திடலில் வரிசையாக நின்று ஜப்பானிய உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஒருவர் முன்னால் நின்று "இச்சி, நி, சான், சி" என்று எண்ண, மற்றவர்கள் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்ணும் வேலை எனக்குக் கிடைத்தது. பெருமையில் தலைகால் புரியவில்லை. ஜப்பானிய அதிகாரி தலையாட்டினால் போதும், இன்னும் வேகமாக எண்ணுவேன். கடைசியில் நிதானமாக மூச்சை இழுத்துவிடும் பகுதியைக்கூட அரைகுறையாக முடித்துவிடுவேன்.

ஒருநாள் அறையில் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "தம்பி, கொஞ்சம் மெதுவா எண்ணுப்பா. கை தூக்குறேன், குனியுறேன், அதெல்லாம் முடியுது. மூச்சுதான் பின்னாடி வருது."

சோம்பேறித்தனத்துக்கு மூச்சின்மேல் பழி போடாதீர்கள் என்று கேலி செய்தேன்.

மறுநாள் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். பாதியில் அவர் குரல் நின்றது. வாய் மட்டும் அசைந்தது. ஏமாற்றுகிறார் என்று நினைத்த அதிகாரி எல்லோர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்து, திடலைச் சுற்றி ஓடச் சொன்னான். மூன்றாவது சுற்றில் முட்டியில் கைவைத்து நின்றுவிட்டார். அவருக்கு மூச்சு இரைத்தது நான் நின்ற இடம்வரை கேட்டது. நான்தான் வேகமாக எண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் மூட்டையைக் கட்டினார். மன்னிப்புக் கேட்கப் போனவன், மூட்டையின் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன்.

"உன்மேல கோபமில்ல தம்பி. வயசானவன் மூச்சு உனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உஜோங் பாசிரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கும் வரவில்லை. அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை. ஜப்பான் சண்டை முடியும்வரை கிழங்கை நானே அவித்து, குறை சொல்லவும் ஆளில்லாமல் தின்றேன்.

இப்போது எனக்கு எழுபத்து மூன்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கோலாலம்பூரில். வயதானால் நெஞ்சு முன்போல் விரியாது, அவசரப்படாமல் செய்யுங்கள் என்கிறார் டாக்டர். காலையில் வாசலில் தனியாக நின்று அதே பயிற்சியைத்தான் செய்கிறேன். நாலுவரை எண்ணியதும் நிறுத்திக் காத்திருக்கிறேன். என் மூச்சுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அன்று நான் காத்திருக்காத அவருக்காகத்தான்.