ஆறுதலாகக் கிடைத்த சாவி

அன்று காலை வீட்டில் இருந்தது மூன்று பேர்: நான், என் மனைவி, மூன்று வயது மகள். இல்லாதவர் ஒருவர்தான், எங்கள் சபையின் செயலாளர். கதவின் சாவி அவர் பையில் இருந்தது.

வீடு என்றால், லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு பழைய ஜெபக்கூடத்தின் மாடியில் இரண்டு அறைகள். ஊழியம் செய்ய வந்த குடும்பத்துக்கென்று சபை கொடுத்தது. மாடிப்படி கூடத்துக்குள் இறங்கும். கூடத்துக்கு ஒரே வாசல், எங்களுக்கும் அதுவேதான். கீழ் ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. எப்போதோ ஒரு திருடன் கீபோர்டையும் ஸ்பீக்கர்களையும் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, சாவி ஒரே கையில்தான் இருக்கவேண்டும் என்பது கமிட்டி முடிவு. செயலாளர் காலையில் வேலைக்குப் போகும்போது திறப்பார். திரும்பி வந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டுவார். பகலில் கீழே மழலையர் வகுப்பு நடப்பதால் கதவு திறந்தே கிடக்கும்.

நாங்கள் முதலில் போக இருந்தது ஆப்பிரிக்காவுக்கு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, கொசுவலை வாங்கி, மகளுக்கு யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சொல்லிக்கொடுத்து, பெட்டி கட்டிய பிறகு விசா இல்லை என்று வந்தது. அதே நேரம் லண்டனில் ஒரு தமிழ்ச் சபை ஆள் கேட்டது. பெட்டியை மாற்றிக் கட்ட நேரமில்லை. கொசுவே இல்லாத ஊரில் கட்டிலுக்குக் கொசுவலை மாட்டினோம். மகள் அதற்குள் உட்கார்ந்துகொண்டு "இது என் வீடு" என்பாள். ஓரத்தைத் தூக்கி வருவாள், போவாள். அந்த மாடியில் தன் வாசலைத் தானே திறந்தவள் அவள் மட்டும்தான்.

வந்த வாரமே சாவி கேட்டேன். செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். வெம்பிளிப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை. நாங்கள் இறங்கிய அன்று அரிசி மூட்டையைத் தன் தோளிலேயே சுமந்து மாடியேற்றியவர்.

"சாவிதானே தம்பி? ஆறுதலாத் தாறன். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது, ஜெபத்தில் கேட்பது. ஒரு சாவி விஷயத்தில்கூட மனுஷன் ஆறுதல் சொல்கிறாரே என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆறுதல் சரிங்க. சாவி என்னைக்குன்னு சொன்னாரா?"

பிறகு இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதே பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் என்ற தலைப்பிலேயே பிரசங்கம் செய்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வடிவாக் கதைச்சீங்கள் தம்பி" என்றார்.

எட்டு வாரம் போனது. சவுத்தாலில் ஒரு வீட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டார். எட்டு மணிக்குள் திரும்பவேண்டுமே என்று, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே எழுந்து வந்தோம். மனைவி பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆப்பிரிக்கா போயிருந்தா நாம சிங்கத்தப் பாக்கப் போயிருப்போம். இங்க நம்மளப் பாக்கச் சிங்கம்தான் வரணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஊரில் அவள் நர்ஸ். இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு முதியோர் காப்பகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்த முகவரிக்கு எங்கள் பெயரில் வந்த முதல் கடிதம். அதை அரிசி டப்பாவின் மேல் நிறுத்தி வைத்தாள்.

"இதுவும் போச்சுன்னா பாப்பாவக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். நீங்க இருந்து ஊழியம் பண்ணுங்க" என்றாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

நேர்முகம் பதினொரு மணிக்கு. ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினால் கதவு பூட்டியிருக்கிறது. பள்ளிகளுக்கு ஹாஃப் டேர்ம் விடுமுறை, அன்று மழலையர் வகுப்பு இல்லை. திறக்கத் தேவையில்லை என்று செயலாளர் நேரே வேலைக்குப் போய்விட்டார். எங்களை மறந்துவிட்டார். போன் செய்தேன்.

"ஐயோ தம்பி! நான் ஷிப்டில தனிய நிக்கிறன். ரெண்டு மணிக்கு முந்தி வர ஏலாது."

"சாவி தாறேன்னு எட்டு வாரமா ஆறுதல் சொன்னீங்களே, அண்ணே."

"ஆறுதல் சொன்னனானோ? ஆறுதலாத் தாறன் எண்டு சொன்னனான். ஆறுதலா எண்டால் மெல்லமா, அவசரமில்லாமல். நீங்களும் தலையாட்டினீங்கள்தானே?"

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். வேதாகமக் கல்லூரியில், ஆறுதல் என்பதற்குக் கிரேக்க மொழியில் என்ன வேர் என்று ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன். பூட்டிய கதவின் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி அதற்குள் தன் போனில் பூட்டுத் திறக்கும் ஆளைப் பிடித்துவிட்டாள். பத்தே காலுக்கு வந்தார். கதவில் கடிதம் போடும் துவாரத்தின் வழியாக அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. இது உங்கள் வீடுதானா, உங்கள் பெயரில் ஏதாவது பில் இருக்கிறதா என்று கேட்டார். கரண்ட், தண்ணீர், கவுன்சில் வரி எல்லாம் சபையின் பெயரில். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதில் இந்த முகவரி இல்லையே என்றார். அத்தாட்சி இல்லாமல் தொடமாட்டேன் என்று பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

மனைவி மாடிக்கு ஓடினாள். அரிசி டப்பாவின் மேல் இருந்த கடிதத்தைக் கொண்டுவந்து துவாரத்தில் நீட்டினாள். அவளுடைய பெயர், கீழே இந்த முகவரி. அவர் படித்தார். பிறகு, உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். துளைபோடும் இயந்திரம் சத்தம் போட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டு கொசுவலைக்குள் ஓடினாள்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. நோட்டுகளை எண்ணிக் கொடுத்தவள் மனைவிதான். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே ஓடினாள்.

ஒன்றரைக்குத் திரும்பி வந்தாள். வேலை உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்களாம். இரண்டேகாலுக்கு வாசலில் சாவி உரசும் சத்தம். அவள் போய்த் துவாரத்தைத் திறந்தாள்.

"யாரு?"

"நான்தான் தங்கச்சி. என்ர சாவி போகுதில்லை."

"புதுப் பூட்டு, அண்ணாச்சி."

"அப்ப எனக்கொரு சாவி?"

"ஆறுதலாத் தாறேன். ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க."

வெளியே சாவி உரசுவது நின்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. "சரி, சரி, பிழை என்னிலதான். கதவையெண்டாலும் திறவுங்கோ."

கமிட்டி சிரிக்கவில்லை. கேட்காமல் மாற்றிய பூட்டுக்குப் பணம் தரமுடியாது என்று எழுதிவிட்டது. அப்போதுதான் அது எந்தப் பணம் என்று மனைவியிடம் கேட்டேன். வீடு வீடாக ஜெபத்துக்குப் போனபோது பெண்கள் அவள் கையில் வைத்து மடக்கியது. அவளும் பாப்பாவும் ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்கென்று எனக்குச் சொல்லாமல் சேர்த்தது. நூற்றுத் தொண்ணூறு பவுண்டு இருந்ததாம். பூட்டுக்குப் போனது நூற்று எண்பத்தைந்து.