மயிலாப்பூரை மோந்து பார்க்கப் போன கதை

"மல்லி மணத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது எல்லா ஊர்லயும்தான் மணக்குது. இதுல மயிலாப்பூர் எங்கம்மா? நேர்ல போய் மோந்து பாத்துட்டு எழுதுங்க." என் சிறுகதையைப் படித்த தொகுப்பாசிரியர் போனில் சொன்னது இது. நியாயம்தான். அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. நாலு மாசம் முன்பு வந்த காய்ச்சலோடு என் மோப்பமும் போய்விட்டது. எனக்கு ரசமும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். "வரும், எப்போன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பயம் வேறு என்ன வேண்டும்? போன சனிக்கிழமை ராத்திரி திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதி. பூக்கூடைக்குள் முகத்தையே விட்டேன். ஒன்றுமில்லை. "வாங்கறதுன்னா வாங்கு, மூஞ்ச வெச்சு நசுக்காத!" என்று பூக்கார அக்கா சத்தம் போட்டதுதான் மிச்சம். காபித்தூள் கடையில் மிஷின் கடகடவென்று ஓடியது, அரைத்து வாங்கிய பொட்டலம் கையில் சூடாக இருந்தது, மணம் மட்டும் இல்லை. (சத்தத்தையும் சூட்டையும் குறித்துக்கொண்டேன். கதைக்கு அதுவும் ஆகும்.)

அங்கிருந்து தி.நகர் நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். ரங்கநாதன் தெருவில் நான் நடக்கவே இல்லை, கூட்டம்தான் தள்ளிக்கொண்டு போனது. யாரோ ஒருவரின் முழங்கை, யாரோ ஒருவரின் ஈரச் சட்டை. சோளம் சுடும் புகை கண்ணைக் கரித்தது. கண்ணுக்கு எட்டியது மூக்குக்கு எட்டவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

அடையாறில் தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று இன்னொரு ஆட்டோ பிடித்தேன். கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"மூக்க மூடிக்கோமா. கீழ ஆறு கீது, பேஜாரா நாறும்."

"நாறுமா அண்ணா?" என்று கேட்டு வாயை மூடவில்லை, வந்தது பாருங்கள் ஒரு நாத்தம்! சேறும் சாக்கடையும் அழுகின முட்டையும் சேர்ந்தாற்போல. "நாறுது, நாறுது!" என்று சிரிக்கிறேன், கண்ணீர் கொட்டுகிறது.

"இன்னாமா ஆச்சு? வூட்ல எதுனா கெட்ட சேதியா?"

விஷயத்தைச் சொன்னேன். பாலம் இறங்கியதும் அவர் வண்டியைத் திருப்பினார். "ஒரு தபா வந்தத நம்பாத. இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்." பார்த்தோம். அம்மாடி, முன்னைவிட நன்றாகவே நாறியது!

பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணமாம். அன்றைக்கு எனக்கும் அதே அர்த்தம்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாட வீதிக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். என்னைப் போல ஞாயிற்றுக்கிழமையில் ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஊரை எழுத வருகிறவர்கள் மணக்கிற இடத்தை மட்டும் தேடிப் போகவேண்டாம். கோட்டூர்புரம் பாலத்தில் யார் சொன்னாலும் மூக்கைப் பொத்தாதீர்கள். நாறுகிறதா? சாமிக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.