தொட்டித் தண்ணீரை ருசி பார்த்தவர்

திங்கட்கிழமை காலை நான் தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தேன். மணி ஒன்பதுக்கு மேல் ஆகியும் தண்ணீரில் ஒன்றும் போடவில்லை. முதலாளி ஆச்சி செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "பொன்னழகு, சேவுகன் போயிட்டான்" என்றார்கள். கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் வரவில்லை.

பதினாறாம் நாள் படிப்பதற்கு எழுதிக் கொடு, அவனோடு ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள் நீதானே என்று ஆச்சி சொன்னார்கள். நான் மூன்றாவது வரை படித்தவள். ஆனால் எதையும் மறக்கிறவள் இல்லை.

சேவுகன் அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் குடோன் காரைக்குடிக்கு வெளியே கோவிலூர்ப் பாதையில் இருக்கிறது. பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து, அரைத்து, கழுவி, உருக்கி, குருணையாக வெட்டி, சாமான் செய்கிற கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். முதலாளி மெய்யம்மை ஆச்சி. உருக்குகிற மிஷின் சேவுகன் அவர்களுடையது. பிரிப்பதும் கழுவுகிற தொட்டியும் என்னுடையது. சேவுகன் அவர்கள் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

அவர்கள் மதுரையில் ஒரு பைப் கம்பெனியிலிருந்து வந்தார்கள். அதுவரை நாங்கள் கெட்டியானது ஒரு குவியல், மெலிசு ஒரு குவியல் என்றுதான் போட்டுக்கொண்டிருந்தோம். வந்த அன்றே குவியலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். "பிளாஸ்டிக்னு ஒரு சாமானே கெடையாதுக்கா. நெல்லு, கம்பு, கேப்பை எல்லாத்தையும் தானியம்னு சொல்ற மாதிரிதான். மொத்தமா ஒரே ஒலையில கொட்டுனா எது வேகும்?"

அன்றிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தோம். தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் தொப்புள் மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அது பெட். நூலாகி, தலையணைக்குள் பஞ்சாகப் போகும். குடமும் எண்ணெய்க் கேனும் நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி வழுக்கும். அது எச்டி, பைப்பாகப் போகும். பால் பாக்கெட் எல்டி, வயலில் விரிக்கிற கறுப்புத் தாளாகப் போகும். தயிர் கப்பைச் சுண்டினால் தகரம் மாதிரி சத்தம் கொடுக்கும், மடக்கினால் அப்பளமாய் நொறுங்கும். அது பாலிஸ்டைரீன். பிவிசி என்கிற தண்ணீர்க் குழாயையும் வயர் உறையையும் மட்டும் மிஷின் பக்கமே விட மாட்டார்கள். அந்தச் சூட்டில் அது கருகி, மூச்சை அடைக்கிற புகை விடும், மிஷினுக்குள் இருக்கிற திருகையும் அரித்துவிடும்.

நாற்காலி, வாளி, அரிசிச் சாக்கு மூன்றும் பிபி, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "சாக்கும் நாற்காலியும் ஒண்ணா? யார்ட்ட கதை விடுறீக?" என்றேன். ஒரு நாற்காலித் துண்டையும் சாக்குக் கிழிசலையும் உருக்கி, ஒட்டி, இழுத்துக் காட்டினார்கள். பிரியவே இல்லை. "இப்ப என்ன சொல்றீக, அக்கா?" என்றார்கள். நான் சாக்கையும் நாற்காலியையும் ஒரே குவியலில் போட்டேன்.

அரைத்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிச் சில்லுதான். அதற்குத்தான் தொட்டி. பிபி மிதக்கும், தயிர் கப் சில்லு மூழ்கும். மிதப்பதை நான் சல்லடையால் அள்ளுவேன். "கண்ணு பொய் சொல்லும், கையும் பொய் சொல்லும். தண்ணி சொல்லாதுக்கா." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை.

தண்ணீரையும் பொய் சொல்ல வைக்கலாம். உப்பைக் கரைத்தால் தயிர் கப்பும் மிதந்துவிடும், குழாய்ச் சில்லு மட்டும் அடியில் கிடக்கும். அந்த இரண்டையும் பிரிக்க மாலை நேரத்தில் சேவுகன் அவர்களே உப்புப் போடுவார்கள். முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். முடியாமல் போனால், உப்புத் தண்ணீர் என்று மற்றவர்களுக்குத் தெரிய, தண்ணீர் மொள்ளுகிற சிவப்பு மக்கைக் குழாயில் தொங்கவிட வேண்டும். அவர்களே போட்ட சட்டம்.

ஒரு கோடையில், லாரித் தண்ணீர் வாரம் ஒரு தடவை வந்த நாளில், மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சேவுகன் அவர்கள் அவசரமாகப் போனார்கள். தண்ணீரைத் திறக்கவில்லை. மக்கையும் மாட்டவில்லை. மறுநாள் காலை நான் வாளிச் சில்லு மூட்டையைக் கொட்டினேன். அதில் தயிர் கப் கலந்திருந்தது. எல்லாம் மிதந்தது. எல்லாவற்றையும் அள்ளினேன். முதல் நாள் நாற்காலிக் கால் கிழித்த விரல் திகுதிகுவென்று எரிந்தது. வெயிலுக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு வந்த சேவுகன் அவர்கள் தொட்டியைப் பார்த்ததும் நின்றார்கள். அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை விட்டார்கள். நான் அள்ளி வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே அதை உருக்கிக் குருணையாக்கி அனுப்பியும் விட்டார்கள்.

அந்தக் குருணையில் செய்த வாளிகளை ஆச்சியே தங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு, கண்டனூருக்கு வாங்கி அனுப்பியிருந்தார்கள். கை கழுவ நிரப்பி வைத்த வாளிகள், தயிர் கப் கலந்ததால் நொறுங்கி, காது பிய்ந்து, அடி விட்டு, பந்திக்கு வந்தவர்கள் வேட்டியெல்லாம் நனைந்தது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்குத் திறந்த வீடு. சனம் முழுக்கப் பார்த்தது. ஆச்சி திரும்பி வந்து எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள். அன்று தண்ணீரில் உப்பு இருந்தது, என் விரல் எரிந்தது என்று நான் சொன்னேன். ஆச்சி சேவுகன் அவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூட்டை அக்கா பிரிச்சதுதான், ஆச்சி" என்றார்கள். அதில் பொய் இல்லை. பொய் இல்லாத வார்த்தையாகப் பார்த்துச் சொன்னார்கள்.

என்னைத் தொட்டியிலிருந்து எடுத்து, பாட்டில் லேபிள் கிழிக்கப் போட்டார்கள். பொன்னழகுக்குக் கண்ணு போச்சு என்று ஊரில் பேசினார்கள். இரண்டு வருஷம் கிழித்தேன். எனக்குப் பின்னால் தொட்டிக்கு வந்தவர்களுக்கு வேலை ஓடாமல் திரும்பவும் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணு போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சேவுகன் அவர்களுக்கு மகளைக் கரையேற்ற வேண்டியிருந்தது, வேலை போய்விடும் என்று பயந்திருப்பார்கள். எனக்கும் மகள் இருந்தாள்.

அதன் பிறகு சேவுகன் அவர்களோடு நான் பேசவில்லை. "மிஷின்காரர்ட்ட சொல்லுங்க" என்று அடுத்தவர்களிடம் சொல்லி அனுப்புவேன். ஆனால் நான் தொட்டிக்குத் திரும்பிய நாளிலிருந்து, தினமும் காலையில் மிஷினை விட்டு எழுந்து வருவார்கள். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைப்பார்கள். "போடலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எட்டு வருஷம், ஒரு நாள் தவறியதில்லை. பார்த்தவர்கள் அது ஏதோ சாமி வழக்கம் என்று நினைத்தார்கள். எனக்கு அது என்னவென்று தெரியும். எனக்கு வேண்டியது விரல் இல்லை, வாய்.

இந்த ஆடியில் படுத்துவிட்டார்கள், உருக்க ஆள் இல்லாமல் தொட்டி வேலையும் நின்றிருந்தது. அவர்கள் சம்சாரம் வந்து கூப்பிட்டதால் வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார்கள், ஆனால் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"தண்ணிய யாரு பாக்குறா?"

"யாரும் பாக்கல. எதுக்குப் பாக்கணும்?" என்றேன்.

"உப்புப் போட்டவன் நான்தான்க்கா. மக்கை மாட்டல. நீங்க சொன்னது நெசம்."

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. எல்லாரும் நிக்கையில சொல்லுங்க."

"திங்கக்கெழமை வாரேன். ஆச்சி முன்னால சொல்றேன்."

அதனால்தான் திங்கட்கிழமை நான் தண்ணீரில் ஒன்றும் போடாமல் நின்றிருந்தேன்.

அன்று பகலில் போய் முகத்தைப் பார்த்தேன். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். இனி அவிழ்க்க மாட்டார்கள் என்று மட்டும் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை.

ஆச்சி, இதைப் படிக்கையில் உப்பைப் பற்றி எழுதிய அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சேவுகன் அவர்களின் மகள் வருத்தப்பட வேண்டாம். உன் அப்பா சொல்ல ஒத்துக்கொண்டதைத்தான் நான் எழுதியிருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். எழுத மாட்டேன். பிளாஸ்டிக்கில் இத்தனை வகை உண்டு, எது எதுவாக மறுபடி பிறக்கும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனோம். மிஷின் பக்கம் ஆள் இல்லை. அரைத்த மூட்டைகள் தொட்டியோரம் வரிசையாக இருந்தன. கூட வேலை பார்ப்பவர்கள் யாரும் அவிழ்க்கவில்லை. எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எட்டு வருஷப் பழக்கம். நான் போய் விரலை விட்டேன். நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது.

"போடலாம்" என்றேன். மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

சேவுகன் தம்பி, தண்ணியை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.