கடலைப் பார்க்காதவள் விற்ற கொடுவா

மீன் விற்பது எளிது. மீனைப் பற்றி விளக்கம் சொல்லி விற்பதுதான் கஷ்டம்.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு சின்னக் கடை. கொடுவா என்ற ஒரே மீன்தான் எங்கள் சரக்கு. கடலிலேயே மிதவைக் கூண்டு கட்டி வளர்த்து, தலை, தோல், முள் எல்லாம் நீக்கி, வெள்ளை வெளேரென்று துண்டு போட்டு ஐஸில் வைத்து அனுப்புவார்கள். வலை போட்டுக் கடலை வழித்தெடுக்காமல், கண்ணில் படும் குஞ்சையெல்லாம் அள்ளாமல், நாளைக்கும் கடலில் மீன் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் நடக்கிற வியாபாரம். இதையெல்லாம் வருகிறவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நானோ பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவள். கடலைப் பார்த்ததே இல்லை.

சேர்ந்த மூன்றாம் மாதம் மேலாளர் போன் செய்தார். ஒருமுறை வாங்கியவர்கள் திரும்ப வரவேண்டுமாம். புரட்டாசி பிறப்பதற்குள் அப்படி ஆள் சேரவில்லை என்றால் நாமக்கல் கடையை மூடிவிடுவார்களாம். நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் தேய்ந்துதான் ஜவுளிக்கடையை விட்டேன். இங்கே உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறது. மறுபடி போய் நிற்க என்னால் ஆகாது. கவுன்ட்டருக்குப் பின்னால் காலம் தள்ளுகிற என் இனத்தாரே, அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை நீங்களே கேளுங்கள்.

தலை எங்கே?

ஒரு பெரியவர் வந்து துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று புரிந்தது, எதை என்றுதான் புரியவில்லை. கடைசியில் செவுள் எங்கே என்றார். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால்தான் நம் ஊரில் மீன் வாங்குவார்கள். தலையே இல்லாத மீனில் செவுளுக்கு நான் எங்கே போவேன்? கம்பெனி அனுப்பிய முழு மீனின் படம் போனில் இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டோவுல எல்லாமே செவப்பாத்தான் இருக்கும் அம்மிணி. போட்டோவப் பாத்துத்தான் நானு கண்ணாலமே பண்ணுனேன்."

கோழிப்பண்ணைக்காரரின் கேள்விகள்

கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் பலகையில் 'கூண்டில் வளர்ந்த கடல் மீன்' என்று படித்துவிட்டு பைக்கை நிறுத்தினார். எனக்கு ஒரே சந்தோஷம். ஆள் கிடைத்தார் என்று கடல் வளத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஒரு கூண்டுக்கு எத்தனை உருப்படி விடுவீர்கள்? தீவனம் எத்தனை வேளை? தடுப்பூசி உண்டா? எத்தனை மாதத்தில் ஒரு கிலோ வரும்? வெயிலுக்குச் சாகுமா? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஜவுளிக்கடையில் சாயம் போகுமா என்ற ஒரு கேள்விக்குத்தான் என்னைத் தயார் செய்திருந்தார்கள். தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் மனம் இரங்கி அரைக் கிலோ வாங்கினார்.

அடுத்த வாரமே திரும்ப வந்தார். எனக்கு உயிர் வந்தது. மீன் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. பள்ளிப்பாளையம் மொறையில வரமொளகா, தேங்காச் சில்லு போட்டு வறுத்தோம். அச்சு அசல் கோழியாட்டவே இருந்துச்சு. ஏனுங்க, எங்க பண்ணையில நாப்பதாயிரம் கோழி நிக்குது, நானு எதுக்குங்க மீனு வாங்கோணும்?"

சினை கேட்ட அம்மா

ஓர் அம்மா சினை மீன்தான் வேண்டும் என்று நின்றார். உண்டாகியிருக்கும் மகள் ஆசைப்பட்டுக் கேட்டாளாம். இல்லை என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளப் பயந்து மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கொடுவா சின்ன வயதில் எல்லாமே ஆணாம். நன்றாக வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறுமாம். நாம் விற்பது மாறுவதற்கு முந்தைய வயதாம்.

கேட்டதைக் கேட்டபடி அந்த அம்மாவிடம் ஒப்பித்தேன். நடுவில் எது எப்போது எதுவாக மாறும் என்பது எனக்கே குழம்பி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சினை இருக்குதான்னு கேட்டா, இல்லீங்கன்னு ஒத்த வார்த்தையில சொல்லக்கூடாதா சாமி? இப்ப ஊட்டுக்குப் போயி புள்ளகிட்ட நானு என்னத்தச் சொல்றது?"

நாலு விசில்

ராசிபுரத்திலிருந்து வந்து ஒரு கிலோ வாங்கிப் போன அக்கா, மறுநாள் தூக்குப்போசியோடு வந்து கவுன்ட்டரில் வைத்தார். மூடியைத் திறந்தால் கெட்டியாக, கமகமவென்று குழம்பு. கரண்டி விட்டுத் துழாவினேன். அடி வரை துழாவியும் ஒரு துண்டு கூட அகப்படவில்லை. கடல் மீன் ஆயிற்றே, கவிச்சி போகட்டும் என்று குக்கரில் நாலு விசில் விட்டாராம். பூப் போன்ற மீன், இரண்டு கொதியே அதற்கு அதிகம். எடுத்துச் சொன்னேன். அவர் நம்பின மாதிரியும் தெரியவில்லை, சண்டை போடுகிற மாதிரியும் தெரியவில்லை. ருசி பாருங்கள் என்று எனக்கே ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கொழம்பு ஒண்ணுஞ் சொல்றதுக்கில்லீங்க. மீனுதான் வரவேயில்ல."

வாரம் இரண்டு முறை வருகிறவர்

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். திரும்பத் திரும்ப வருகிறவர் என்று காட்ட என்னிடம் ஒரே ஒருவர்தான் இருந்தார். புதனும் ஞாயிறும் தவறாமல் ஆட்டோவில் வந்து, ஒரு கேள்வி கேட்காமல் அரைக் கிலோ வாங்கிப் போகிற தனலட்சுமி அக்கா. அன்றைக்கும் வந்தார். மேலாளர் போனில் வீடியோவை ஓடவிட்டு, "எங்க கொடுவாவை ஏன் விரும்பி வாங்கறீங்க மேடம்? கடலைக் காப்பாத்தணும்னுதானே?" என்றார்.

அக்கா பதறிப்போய் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். "மெதுவாப் பேசுங்க. ஆட்டோவுல எங்க மாமனாரு இருக்காரு. முப்பது வருசம் தூத்துக்குடியிலருந்து கோழித் தீவனத்துக்குக் கருவாட்டு லோடு ஓட்டுனவரு. அந்த நாத்தத்துல கடல் மீனுன்னா ஊட்டுப் பக்கமே உடமாட்டாரு. இப்ப கண்ணு ரெண்டுந் தெரியலீங்க. ஊட்டி உட்டா ரோசம், தானே திங்கலாம்னா முள்ளு. மீனையே உட்டுட்டாரு. இதுன்னா அவரே கையில எடுத்துத் திங்கறாருங்க. ஆத்து மீனுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அதற்குள் ஆட்டோவிலிருந்து சத்தம் வந்தது. "அம்மிணி, ஜேடர்பாளையத்து ஆத்து மீனு வந்திருக்குதா?"

"வந்திருக்குதுங்க மாமா! இப்பத்தான் புடிச்சாந்தாங்களாம்!" என்று அக்கா கத்தினார்.

மேலாளர் வீடியோவை நிறுத்தினார். தலைக்கு மேலே 'கடல் மீன்' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்று தனக்குள் முணுமுணுத்தார். பிறகு, "தை வரைக்கும் பார்ப்போம்மா" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அக்கா பக்கத்துக் கடையில் கொத்தமல்லி வாங்கப் போக, மீன் பையை நானே ஆட்டோவில் கொண்டுபோய் வைத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த பெரியவர் பையைத் தடவிப் பார்த்தார். மருமகள் பக்கத்தில் இல்லை என்பதை என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆத்து மீனு எது, கடல் மீனு எதுன்னு எனக்குத் தெரியாதா சாமி? அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. கண்ணு போன கெழவனுக்காவ இம்புட்டுப் பொய் சொல்ல வேற ஆரு இருக்கறா?"

கடலைக் காப்பாற்றத் திறந்த கடை இப்படியாக ஒரு குடும்பத்தின் இரண்டு பொய்களைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறது. நாளைக்கு யாராவது இது எந்த ஊர் மீன் என்று கேட்டால், பலகையைப் பார்த்துச் சொல்வதா ஆட்டோவைப் பார்த்துச் சொல்வதா என்றுதான் எனக்கு விளங்கவில்லை.