நாகல் நகர் கொட்டகை எந்தப் பக்கம்?

அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய ஒரு கை என் கணுக்காலைப் பிடித்திருக்கிறது; இன்னொரு கையில் அவர் கழற்றிய செருப்பு தொங்குகிறது. எதிரே வெள்ளைத் துணியில் இயேசுவைச் சிலுவையில் அறைந்திருக்கிறார்கள். ஒரு போர்வீரன் ஈட்டியால் அவருடைய இடது விலாவில் குத்துகிறான். அப்பாவைப் பற்றி என்னிடம் இருக்கும் ஞாபகம் மொத்தமே இவ்வளவுதான். எனக்கு ஆறு வயது நிறைவதற்குள் அவர் காய்ச்சலில் போய்விட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், திண்டுக்கல்லில் மறைந்துபோன சினிமாக் கொட்டகைகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று கிளம்பினேன். ஊருக்கு என்னென்னவோ காரணம் சொன்னேன். உள்ளுக்குள் இருந்த காரணம் அந்த ஒரு கொட்டகையைக் கண்டுபிடிப்பதுதான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன் என்பதால், முதல் வேலையாக ஊரின் வரைபடம் ஒன்று வரைந்துகொண்டேன். துணிக்கடையாகிப்போன தியேட்டர், கல்யாண மண்டபமாகிப்போன தியேட்டர், இடித்துவிட்டு இன்னும் ஒன்றும் கட்டாமல் சும்மா கிடக்கிற தியேட்டர் என்று எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தாயிற்று. நான் தேடிய நாகல் நகர் டென்ட் கொட்டகை மட்டும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரோட்டுக்குக் கிழக்கே இருந்தது என்று மளிகைக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்றவர் மேற்கே கையைக் காட்டினார். இன்னொருவர் கொட்டகையின் பேரையே மாற்றிச் சொன்னார். நான் அழித்து அழித்து எழுதியதில் தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

இதில் என் அக்கா வேறு. என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா எங்கள் கோவிலில் உபதேசியாராக இருந்தவர், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சினிமாவுக்குப் போன பிள்ளைகளை ஞானோபதேச வகுப்பில் முழங்காலில் நிறுத்தியவர். "ஏலே, அப்பா சினிமாக் கொட்டகையில கால் வச்ச ஆளாடா? உன்னையத் தூக்கிட்டுப் போனது சித்தப்பாவா இருக்கும்" என்றாள். நான் விலாவைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "ஆண்டவருக்குக் குத்துனது வலது விலாவுல. எந்தக் கோயில்ல வேணாலும் போயிப் பாரு. நீ கனாக் கண்டுட்டு ஒளறுற" என்றாள். அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்திலும் காயம் வலப்பக்கம்தான் இருக்கிறது. இருந்த ஒரே அப்பாவையும் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதானா என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காவிடம் மேற்கொண்டு வாதாட முடியாது. பன்னிரண்டு வயதில், ஒரு தவக்காலத்தில், சிநேகிதி வீட்டாரோடு அதே கொட்டகைக்குப் போய்விட்டு வந்தவளை அப்பா புளிய விளாறால் அடித்திருக்கிறார். அதோடு அவளுக்கு சினிமா விட்டுப்போயிற்று. கல்யாணமான புதிதில் மச்சான் எவ்வளவோ கெஞ்சியும் வரவில்லை. டிவியில் படம் ஓடினால்கூட எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கேட்டால், "அப்பாவுக்குப் பிடிக்காது" என்பாள். அப்பா இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர் ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் வரைபடத்தை விரித்து, கிழக்கா மேற்கா என்று கேட்டேன். "ஏனுங்க வாத்தியாரே, ரெண்டு பேரு சொன்னதும் நெசந்தானுங்க" என்றார். டென்ட் கொட்டகைக்கு ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடையாதாம். பெர்மிட் முடிந்ததும் பிரித்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நட்டு, புதுப்பேர் எழுதி மாட்டிவிடுவார்களாம். சில மாதம் கழித்து மறுபடியும் இந்தப் பக்கம். நான் பைத்தியக்காரனைப்போல் சிரித்தேன்.

இயேசு படம் ஓடிய வாரத்தை அவர் மறக்கவில்லை. சனம் கோவிலென்று நினைத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டதாம். சிலுவைக் காட்சி வந்ததும் முன்னால் இருந்தவர்கள் மணலில் முழங்கால் போட்டுவிட, பின்னால் இருந்தவர்கள் மறைக்குது என்று சத்தம் போட்டார்களாம். பேச்சுவாக்கில், உபதேசியாரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்க. அவரு உள்ள வரமாட்டாருங்க. கொட்டகைக்குள்ள கால் வைக்கறதில்லைன்னு வேண்டுதலாமுங்க. தெரைக்குப் பின்னால தட்டி அடைக்கறதில்லீங்க, காத்து வரோணுமில்ல. அந்தப் பக்கம் காட்டுல நின்னு பாப்பாருங்க. ஒரு தடவ புள்ளையக்கூடத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னாரு."

துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும். இது புரிய எனக்குச் செத்த நேரம் பிடித்தது. என் அப்பாவின் தோள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், இயேசு படத்துக்கு மட்டும்தானே வந்தார் என்று சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தேன்.

"எல்லாப் படத்துக்குந்தானுங்க" என்றார் அவர். "படம் மாத்துனா மொத ஆளா வந்து நிப்பாரு."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் எப்பேர்ப்பட்ட ஆள்? வேண்டுதலைக் காப்பாற்றினாரா, ஆண்டவரையே ஏமாற்றினாரா? கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அக்காவிடம் இதைச் சொல்வது பாவமா, சொல்லாமல் விடுவது பாவமா என்பதுதான் பெரிய குழப்பம். ஆயுசுக்கும் அவள் சினிமா பார்க்காமல் இருந்தது யாருக்காக? மூன்று வாரம் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் அடி வாங்குன அன்னைக்குப் படம் விட்டு வெளிய வந்தப்ப, பின்னாடி காட்டுல ஒரு ஆளு வெரசா நடந்து போனாருடா. அப்பா நடை. சீ, அப்பாவப் போயி இப்படி நெனைக்கிறோமேன்னு எனக்கு ஒதறலெடுத்துருச்சு. சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணப்ப, சினிமா பாத்ததோட சேத்து அதையும் சொன்னேன். தகப்பனச் சந்தேகப்பட்டேன்னு."

"சாமியார் என்னக்கா சொன்னாரு?"

"சினிமாவுக்கு அபராதம் மூணு அருள்நிறைந்த மரியே செபம். இதுக்கு அம்பத்து மூணு மணியும் சொல்ற ஒரு முழுச் செபமாலை" என்றாள் அக்கா. "எனக்கு அது பத்தலடா. இன்னைய வரைக்கும் தெனமும் சொல்லிக்கிட்டிருக்கேன்."