நீல டேக்

கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிடுவது எங்கள் அம்மாவின் வழக்கம். கேட்டுக்கொண்டே இருந்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம். அதனால் மாலை ஜெபத்தில், "என் புருஷனுக்கு நீர் தந்த பர்மனென்ட் வேலைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அடித்துச் சொல்வாள். அப்பாவோ ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். ஜெபத்தில் அவர் வாயைத் திறப்பது ஆமென் சொல்ல மட்டும்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா பொய் சொல்ல மாட்டாள், அதுவும் ஆண்டவரிடம் போய்ச் சொல்வாளா? அப்படியானால் வேலை கொடுத்தாகிவிட்டது. கொடுத்தது எங்கே? இது என் மண்டையைக் குடைந்தது. பர்மனென்ட் என்றால் எப்படி இருக்கும் என்று அப்பாவிடமே கேட்டேன்.

"கான்ட்ராக்டுக்கு நீல டேக் பாப்பா. பர்மனென்டுக்கு வெள்ளை டேக். அவ்ளோதான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் தேடுவது சுலபமாயிற்று. ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா கழுத்து அட்டையோடு டேக்கைக் கழற்றி மாட்டும் கதவோரத்து ஆணியைத் தினமும் பார்த்தேன். தினமும் நீலம்தான். ஒளித்து வைத்திருப்பார்களோ என்று பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைவரை கலைத்துப் பார்த்து, முதுகில் ஒன்று வாங்கினேன்.

ஒரு சனிக்கிழமை ஆணியில் ஒன்றுமே இல்லை.

"டேக் எங்கப்பா?"

"கம்பெனில வாங்கிக்கினாங்க." அப்பா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். "அம்மாவாண்ட சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

பள்ளிக்கூடத்தில் பழைய பஸ் பாஸை வாங்கிக்கொண்டுதான் புதியதைத் தருவார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மாவிடம் சொல்லத்தானே கூடாது, சபையில் சொல்லக் கூடாதென்று அப்பா சொல்லவில்லையே!

மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரம். காய்ச்சல் போனது, தொலைந்த பைக் கிடைத்தது என்று அந்த வாரம் ஆண்டவர் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். நானும் எழுந்தேன்.

"எங்கப்பாவோட நீல டேக்க கம்பெனில வாங்கிக்கினாங்க. இனிமே வெள்ளை டேக். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அல்லேலூயா என்று சபை கை தட்டியது. கம்பெனிக்குப் போகும் அண்ணன்கள் மட்டும் தட்டவில்லை. பொறாமை என்று நினைத்தேன். அம்மாவும் தட்டவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் சந்தோஷமாக அப்பாவை முன்னால் அழைத்தார். அப்பா போய் மைக்கை வாங்கினார்.

"பாப்பா சொன்னதுல பாதி நெஜங்க ஐயா. டேக்க வாங்கிக்கினாங்க. மீதிக்கு எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க."

போதகர் மைக்கை வாங்கிக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் வந்தது. நான் சொன்னதில் பாதி என்ன, மீதி என்ன?

அன்று மாலை ஜெபத்தில் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். "என் புருஷனுக்கு நீர் தந்த..." என்றதும் நின்றுவிட்டாள். பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"வேலைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சபையில் நல்லது நடந்தவர்களும் இப்படித்தான் அழுவார்கள். நான் தெருவுக்கே கேட்கும்படி ஆமென் சொன்னேன்.

அதற்குப் பிறகு அப்பா எத்தனையோ கம்பெனி மாறினார், எதிலும் பர்மனென்ட் ஆகவில்லை. அம்மா அந்த வரியை இன்றுவரை விடவில்லை. சில நாள் எனக்கு அவள்மேல் கோபம் வரும். சில நாள் அவள் சொல்லி முடிக்கும் முன்பே நான் ஆமென் சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு ஒரே குஷி. அம்மா டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தாள். அப்பா அதே யூனிஃபார்ம் சட்டையோடு கிளம்பி, கம்பெனி பஸ் வரும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார். வெள்ளை டேக்காரர்களுக்கு வேறு பஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் தலை மறையும்வரை கை ஆட்டினேன்.