கணக்கில் மொக்க

திருப்பதியில் இன்று மகளின் பள்ளிக்குப் போயிருந்தேன். இந்த வருடத்திலிருந்து மார்க்கே கிடையாதாம். அதற்குப் பதில் விதை, செடி, மரம் என்று தெலுங்கில் எழுதித் தருகிறார்கள்.

என் மகளுக்குக் கணக்கில் ‘மொக்க’.

“இன்னா மிஸ், கொழந்தயப் போயி மொக்கன்னு எழுதிக்கினு கீறீங்க?”

மிஸ் பதறிவிட்டார். “அய்யோ, காதண்டி, அப்டி இல்ல! தெலுகுல மொக்கன்னா செடி. கொழந்த நல்லா வளந்துக்கினு இருக்குன்னு அர்த்தம். யாரோடயும் கம்பேர் பண்ணாதீங்க.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்போ மரம்னு யாருக்குப் போடுவீங்க?”

மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தொண்ணூறுக்கு மேல எடுத்தவங்களுக்கு.”

ஆக, தெலுங்கிலும் மொக்கை மொக்கைதான்.

உங்கள் வீட்டில் என்ன முளைத்திருக்கிறது?